விரதத்தில் மாட்டிய விளமீன்

தூண்டிலில் மீன் மாட்டிய பிறகு, இழுக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று கண்கலங்கி நிற்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன மாதம், உம் அல் குவைன் படகுத்துறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில்.

குளிர் வந்துவிட்டால் எங்கள் அமீரகத்து ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். வருஷம் பூராவும் ஏசி ரூமுக்குள் நடுங்கியவர்கள், இப்போது வெளியே வந்து நடுங்கலாம். லேசாகக் காற்றடித்தாலே குரங்குக் குல்லா, மஃப்ளர்... படகுத்துறைக் கூட்டத்தில் தமிழர் யார் என்று தேடவே வேண்டாம்.

இந்த சீசனில் எனக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்துவிடும். பைத்தியம்தான், திறமை இல்லை. வாராவாரம் ஷார்ஜாவிலிருந்து விடிவதற்குள் கிளம்பிப் போய், விரல் நீளக் கீச்சான் மீன்களோடு திரும்புவேன். அன்று காலை என் மனைவி மசாலா அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னிக்கும் கீச்சான்தான்னா, அப்படியே மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துருங்க. கடல்ல புடிச்சதுன்னு நானும் சேர்ந்து பொய் சொல்றேன்."

என்னோடு வந்தவர் செல்வராஜ். எங்கள் கம்பெனியில் ஏசி மெக்கானிக், புதுக்கோட்டைக்காரர். மற்ற மாதங்களில் எனக்கு அவன் "டேய் செல்வா". கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் "சாமி". அவருக்கு நானும் சாமிதான். ஆகவே இந்தப் பத்தியிலும் மரியாதையாகவே போகிறேன்.

செல்வராஜ் சாமி நல்ல தூண்டில்காரர். ஆனால் கடலில் மீன் நன்றாக மாட்டுகிற மாதம் பார்த்துத்தானா விரதம் வரவேண்டும்? மனசு கேட்கவில்லை. "புடிக்கத்தான் கூடாது சாமி. பாக்கலாம்ல?" என்று காரில் ஏறிவிட்டார்.

சந்து கண்டுபிடிப்பதில் நம்மை அடிக்க ஆளில்லை! விரதத்தில் செருப்பு போடக்கூடாது. சைட்டிலோ சேஃப்டி ஷூ கட்டாயம். அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். "டூட்டில போட்டா அது கம்பெனி கணக்கு. ரூமுக்கு வந்துட்டா என் கணக்கு." அன்று விடுமுறை என்பதால், சில்லென்றிருந்த சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்று, காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்.

இறால் துண்டை முள்ளில் கோத்துத் தண்ணீரில் போட்டேன். வழக்கம்போல ஒன்றும் நடக்கவில்லை. காரில் வைத்த டீ ஃபிளாஸ்க் ஞாபகம் வந்தது.

"சாமி, இதைச் சும்மா புடிச்சுக்கிட்டிருங்க. இந்தா வந்துடறேன்."

அவர் யோசித்தார். "ராடைப் புடிக்கலாம். மீனைத்தான் புடிக்கக் கூடாது" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

நான் ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்தால்... படகுத்துறையில் கூட்டம். நடுவில் சாமி. தூண்டில் வளைந்து நிற்கிறது. மீன் இடது பக்கம் போனால் சாமியும் இடது பக்கம் நடக்கிறார். வலது பக்கம் போனால் வலது பக்கம். நாய்க்குட்டியை வாக்கிங் கூட்டிப்போவதுபோல மீனை நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பாகிஸ்தானிப் பெரியவர், சீக்கிரம் இழுக்கச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். "கீஞ்சோ பாய், ஜல்தி கீஞ்சோ!"

"மாஃபி பாய், மாஃபி... விரதம்" என்று இவர் அரபி 'இல்லை'யையும் தமிழ் விரதத்தையும் கலந்து கெஞ்சினார்.

என்னைக் கண்டதும் சாமிக்குக் குரல் உடைந்தது. "சாமி, மாட்டிக்கிச்சு சாமி."

"அவர்கிட்ட குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தா அவரு இழுத்துருவாரு. உசுரு போயிரும். அந்தப் பாவம் யாரு கணக்கு?"

"கையையாவது விட்டிருக்கலாமே?"

"பஷீர் பாய் ராடு சாமி இது. கடலோட போயிட்டா?"

உண்மைதான். கீழக்கரை பஷீர் பாய் தன் மளிகைக் கடையைக்கூட நம்பி ஒப்படைப்பார், தூண்டிலைத் தரமாட்டார். அன்று ஏதோ நல்ல மனசில் இரவல் கொடுத்திருந்தார்.

நான் வாங்கி, ரீலைச் சுற்றினேன். மேலே வந்தது ஒரு விளமீன். இந்த ஊரில் ஷேரி என்பார்கள். என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தாலும் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் என் தூண்டில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தக் கணமே என் மூக்குக்கு மசாலா வாசனை வந்துவிட்டது.

"சாமி... விட்டுருங்களேன்" என்றார் மெதுவாக.

"புடிச்சது நான். உங்களுக்கு என்ன?"

"மாட்டுனது என் கையில இருக்கறப்பதான? எட்டு வருசம் கழிச்சு எம் பொண்டாட்டி உண்டாயிருக்கா சாமி. இந்த மாசக் கடைசியில பிரசவம். இந்த ஒரு தடவை ஒரு குறையும் இல்லாம இருந்துரணும்னு நெனச்சேன்."

ஷூவுக்கு ஒரு கணக்கு, ராடுக்கு ஒரு கணக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்து வைத்திருந்த மனிதர். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவரிடம் சந்து இல்லை. பயந்துபோயிருந்தார். மீனோடு தண்ணீர்ப் பக்கம் குனிந்தேன்.

"ஒரு போட்டோவாவது எடுத்துக்கறேன் சாமி. வீட்ல நம்ப மாட்டா."

"வேணாம், வேணாம். லேட்டாவுது, அது மூச்சுக்குத் தவிக்குது. முள்ளை மெதுவா எடுங்க. வலிக்கும்."

எடுத்தேன். விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. பாகிஸ்தானிப் பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மனைவி நம்பினாளா என்று தெரியவில்லை. "பொண்ணு நல்லபடியாப் பெத்து எழுந்திரிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரைத்த மசாலாவை உருளைக்கிழங்கில் புரட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

நேற்று ஊரிலிருந்து போன் வந்தது. செல்வா லீவில் போய், மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றியாயிற்று. ஆகவே, இனி அவன். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். சிரிக்கிறானா அழுகிறானா என்றே பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"மூணு கிலோ இருக்காண்ணே. கையில வாங்குனேன்... அன்னிக்கு விட்டோமே, அந்த மீன் கனம் அப்படியே இருக்கு."

நான் முள்ளெடுத்த மீன் ஒரு கிலோவைத் தாண்டாது. ஆனால் என்னிடம்தான் போட்டோ இல்லையே? "ஆமாடா செல்வா, மூணு கிலோ இருக்கும்" என்றேன்.

பஷீர் பாயிடம் அவன் ஏற்கெனவே நாலு என்று சொல்லியிருக்கிறானாம்.