குஞ்சு காணாத குட்டை

என் வீட்டுக்குப் பின்னால், மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒரு குட்டை இருக்கிறது. ஓடையில் பிடித்து வந்து விட்ட கெண்டைகள் அதில் வளர்கின்றன. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலம் மிச்சமிருக்கும் கேழ்வரகுக் களியை உருட்டிப் போட்டால் கூட்டமாக வரும். பெரும்பாலான நாட்களில் நான் வாய் திறந்து பேசுவது அவற்றிடம்தான்.

இரண்டு மழைக்காலமாகக் குஞ்சுகளே இல்லை. வயசான மீன்கள் மட்டும் வந்து தின்றுவிட்டுப் போயின.

ஓடைத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துப்போக ஒரு ஆராய்ச்சி மாணவி செம்மேட்டிலிருந்து வருவார். வழியில் பார்த்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன். ஒருநாள் அவரே குட்டைக்கு வந்துவிட்டார்.

"அண்ணா, இதுல கொஞ்சம் மீன் குடுப்பீங்களா? திருப்பித் தர முடியாது. ஈரலை எடுத்துத்தான் பார்க்கணும்."

குஞ்சு வராத காரணம் தெரியலாம் என்றார். வலையை நானே எடுத்து வந்தேன்.

முடிவு தெரிந்ததும் நேரில் வந்து சொன்னார். முட்டைக்கான சத்தைச் செய்யச் சொல்லும் மரபணு ஆண் மீனிலும் இருக்குமாம். ஆனால் ஆணிடம் அது தூங்கியே கிடக்கும். என் ஆண் மீன்களில் அது விழித்திருந்தது. அப்படியானால் முட்டையைக் கருவாக்க ஆணால் முடியாமல் போகலாமாம்.

"அன்னாசிக் குருத்துல மருந்து ஊத்தினா பருவமில்லாம பூக்குமே, அந்த மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாண்ணா. மேல யாராச்சும் மருந்து அடிக்கிறாங்களா?"

மேலே இருப்பது பெரியப்பா மகனின் அன்னாசித் தோட்டம். அவர் அடிக்கும் களை மருந்து மழையில் வழிந்து குட்டைக்குத்தான் இறங்கும். அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் சோதிக்க வேண்டும் என்றார் அந்தப் பெண். அதுவரை என் மீன்கள் இருக்க வேண்டுமே.

பண்டிகை நோம்பிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிடும் ஒரே வீடு அந்த அண்ணனுடையது. அவர் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் ஒருநாள், களை மருந்து அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஏண்டா, உன் ஆம்பள மீனு முட்டை போடுதுன்னு நான் குனிஞ்சு களை புடுங்கணுமா?"

"நீங்க வேண்டாங்கண்ணா. நானே கொத்தித் தாரேன்."

"அந்தச் சரிவு முச்சூடுமா?"

"ஆமாங்க."

அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "உடுங்க. ஊரெல்லாம் பொண்டாட்டி புள்ளைக்குப் பாடுபடுது. கொழுந்தனாரு மீனுக்குப் படட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது விடிந்ததும் களைக்கொத்தோடு மேலே ஏறுகிறேன். அன்னாசி முள் முழங்காலைக் கிழிக்கிறது. மருந்தடிக்கும் டேங்கு அண்ணனின் கொட்டகையில் தொங்குகிறது. அவர் இன்னும் அதை எடுக்கவில்லை. நான் ஒரு பாத்தி பின்தங்கினால் எடுத்துவிடுவார்.

சாயங்காலம் கரைப்புல்லை விலக்கிப் பார்க்கிறேன். இந்த மழைக்கும் இதுவரை ஒன்றுமில்லை. ஆனாலும் களியை முன்னைவிடப் பொடியாக உதிர்த்துப் போடுகிறேன். குஞ்சு வாய்க்கு உருண்டை நுழையாது.