இடுப்பில் கட்டிய ஸ்பானர்

அரிப்பு என்ற கடலோர ஊரின் கரையில் படகு எஞ்சின் திருத்துகிற ஒருவரை ஒரேயொரு முறைதான் சந்தித்தேன். என்னைவிட இளையவர். உப்பும் கிரீசும் படிந்த கைகள். தண்ணீரில் நிற்கும் படகில் வேலை என்பதால், ஒரு ஸ்பானரை மட்டும் நைலோன் கயிற்றால் இடுப்பில் கட்டியிருந்தார்.

நானோ வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுகிறவன். நிரலில் பிழை பிடித்துத் தரும் கருவி ஒன்றுக்கு மாதாமாதம் காசு கட்டுவதா வேண்டாமா என்று மூன்று கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்காக ஏழு கருவிகளை ஒப்பிடும் அட்டவணை ஒன்றும் போட்டிருந்தேன். என் மச்சானுடைய படகு எஞ்சினை அவர் திருத்தி முடிக்கும்வரை, கரையில் மடிக்கணினியை விரித்து அந்த அட்டவணையின் கட்டங்களுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்க, விளங்கப்படுத்தினேன்.

"சும்மா பாவிச்சுப் பாக்க விடமாட்டினமோ, அண்ணை?"

"விட்டவை, இரண்டு கிழமை, பதினாலு நாள். நான் அட்டவணை போட்டு முடிக்க முதல் அது முடிஞ்சுபோச்சு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பேச்சை மாற்ற, "இடுப்பில கட்டியிருக்கிறதுதான் விலை கூடினதோ?" என்றேன்.

"இல்லை, இது பழசு. விலை கூடினது பெட்டிக்குள்ள கிடக்கு. ஆனால் நாளும் கையில எடுக்கிறது இதைத்தான். இது கடலுக்குள்ள விழுந்தால் எனக்கு அண்டைக்கு வேலையில்லை. அதுதான் கட்டினனான். நீங்கள் எதைக் கட்டுவீங்கள்?"

மச்சான் கூப்பிட்டதால் தப்பினேன். கேள்வி மட்டும் வீடுவரை கூடவே வந்தது. அந்த மூன்று கிழமையும் நான் நாள் தவறாமல் பாவித்த கருவி ஒன்றே ஒன்றுதான்: அந்த அட்டவணை.