பின்கட்டுக்கு வந்த ரங்கூன்காரர்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பயந்து பாதிப் பட்டணம் காலியான வருஷம் அது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தவர்களும் கும்பகோணத்துக்குப் போய்விட்டார்கள்.

வீடு கேட்டு வருகிறவர்களிடம் அப்பா உத்தியோகம், சொந்த ஊர், எத்தனை பேர் என்று விசாரிப்பார். அம்மா அதையெல்லாம் நம்பமாட்டாள். வந்தவர்களின் குழந்தையோடு என்னைக் கொல்லைப்பக்கம் விளையாட அனுப்புவாள். பிறகு தனியாகக் கூப்பிட்டு, அது என்னவெல்லாம் சொன்னது என்று கேட்பாள். மனைவியை அடிக்கிற ஒருவரும், நான்கு மச்சினர்களை மறைத்த ஒருவரும் அப்படித்தான் அகப்பட்டார்கள். எட்டு வயதில் எனக்கு அதில் ஏகப்பட்ட கர்வம்.

ஒரு காலையில் ரங்கூன்காரர் ஒருவர் மகளோடு வந்தார். பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்தே வந்தவர்கள். அவர் பாதங்களில் இன்னும் துணி சுற்றியிருந்தது.

"எத்தனை பேர் இருப்பேள்?" என்று அப்பா கேட்டார்.

அவர் மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மூணு பேர். நான், ஆம்படையா, இவ. அவ பின்னாடி வந்துண்டிருக்கா."

கொல்லையில் கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம், "உங்கம்மா எப்போ வருவா?" என்றேன்.

"எழுந்ததும் வருவா. மலையில தூங்கிண்டிருக்கா. அப்பாதான் மேலே எலையெல்லாம் போட்டு மூடினார்."

அம்மா கூப்பிடும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்துக்கு ஓடினேன்.

"அம்மா, இந்த மாமா பொய் சொல்றார்! ரெண்டே பேர்தான். இவம்மாவை எலை போட்டு மூடி மலையிலேயே விட்டுட்டு வந்துட்டாராம்!"

அந்தப் பெண் என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். ரங்கூன்காரர் என் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். அப்பா உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

"வாடி குழந்தே, தலை வாரி விடறேன்" என்று அம்மா அவளை அழைத்துப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய்யைக் கண்டுபிடித்தவள் நான். வீடு கிடைத்தது பொய் சொன்னவருக்கு. அதற்குப் பிறகு அம்மா என்னை யாரோடும் கொல்லைக்கு அனுப்பவில்லை.

தினமும் காலையில் அவளைப் பார்த்ததும், "உங்கம்மா எழுந்தாச்சா?" என்று கேட்பேன். "இன்னும் இல்லை" என்பாள். ஆடி மாதத்தில் ஒருநாள் அப்படிக் கேட்டபோது, பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவள் என்று அவளோடு காய் விட்டேன். பத்து நாள் பேசவில்லை.