ஒரு காம்பில் இரண்டு பூ

அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு பழைய அட்டை இருந்தது. அதில் உலர்ந்த காட்டுப்பூ ஒட்டியிருந்தது. நூல் மாதிரிக் காம்பு; அது நுனியில் இரண்டாகப் பிரிந்து, பக்கத்துக்கு ஒரு சின்னப் பூ தொங்கும். நான் பிறந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சுவீடன் நாட்டு நர்ஸம்மா கொடுத்தது. எனக்கு லின்னேயா என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

எழுபதுகளின் வில்லாபுரத்தில் அந்தப் பெயரோடு வளர்வது லேசுப்பட்ட காரியமில்லை. தெரு முழுக்க மீனாட்சிகளும் முத்துமாரிகளும் இருக்க, நான் மட்டும் லின்னேயா. வீட்டில் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்போம். பள்ளிக்கூடத்திலோ, எப்போது கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தீர்கள் என்று கேட்பார்கள். ஒவ்வொரு ஜூனிலும் புது டீச்சர் என் பெயர் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். வகுப்பே சிரிக்கும். அப்பா பாப்பா என்பதோடு சரி. அம்மா மட்டும் முழுப் பெயரையும் அவசரமில்லாமல் சொல்லிக் கூப்பிடுவாள். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறுகிற பெயர்தான் ஆயுசுக்கும் என்று பத்தாம் வகுப்பில் சொன்னார்கள். இதை விட்டால் எனக்கு வழியில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவிடம் போய் நின்றேன். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். விஜயா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விடுதலையான சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன்.

விஷயத்தைச் சொன்னபோது அம்மா திட்டவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து அட்டையை என் மடியில் வைத்தாள்.

"ஒரு காம்புல ரெண்டு பூ பாத்தியா. அவுக ஊருல இதுக்குப் பேருதான் லின்னேயாவாம். ஒனக்குக் கொஞ்ச நேரம் முன்னால ஒருத்தி வந்தா, தாயி. அழுகவே இல்ல."

செத்துப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதைப் பற்றிப் பேசவும் கூடாது. பேசினால் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அக்காவைத் துணியில் சுற்றி அப்பா எடுத்துப் போனபோது அம்மாவுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறிய தமிழில் இந்தப் பூவின் கதையைச் சொன்னது நர்ஸம்மாதான். அந்த நாட்டுத் தாவர அறிஞர் ஒருவருக்கு இந்தப் பூ என்றால் உயிராம். அதனால் அவர் பெயரே பூவுக்கு வந்தது. பூவின் பெயர் பெண்பிள்ளைகளுக்கு வந்தது. அவருடைய குடும்பப் பெயரே அவர்கள் நிலத்தில் நின்ற ஒரு மரத்தால் வந்தது என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவின் மனசில் தங்கியது அந்த இரண்டு பூ மட்டும்தான்.

"ஒன்னயக் கூப்பிடுறப்பல்லாம் அவளையும் சேத்துத்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பெயர்ப் பட்டியல் நேற்றே மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார்கள்.

அதன்பின் வேலையில், ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் நான் விஜயாதான். சாகிறவரைக்கும் அம்மா மட்டும் பழைய பெயரிலேயே கூப்பிட்டாள். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. அட்டை என்னிடம் இருக்கிறது. பூ இரண்டும் பழுப்பேறிவிட்டன. வீட்டில் யாருமில்லாத மத்தியானங்களில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, லின்னேயா என்று நானே கூப்பிட்டுப் பார்ப்பேன். என்னைக் கூப்பிடுவதாகத் தோன்றுவதில்லை. அக்காவைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கிறது.