தொடையெலும்பும் மரவள்ளிக்கிழங்கும்

நாலாந்தர நடனப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலத்திலும் எனக்கு அரைமண்டி வரவில்லை. மற்றப் பிள்ளைகள் அரைமண்டியில் இருந்தால் முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து அழகாக நிற்கும். நான் இருந்தால், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கக் குந்துகிறவள் மாதிரி இருக்கும். "முழங்காலை விரி பிள்ளை, விரி, விரி" என்று ரீச்சர் தட்டுக்கழியால் தாளம் போட்டபடியே கத்துவார். நான் விரிப்பேன். பாதம் ஒரு பக்கம் போகும், பின்பக்கம் இன்னொரு பக்கம் போகும்.

அப்போது என் மச்சாள் எங்கள் வீட்டில் தங்கி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவளின் ஊரான கொடிகாமத்திலிருந்து நாளாந்தம் பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிள் உழக்கி வர முடியாது என்று மாமா அவளை எங்களிடம் விட்டிருந்தார். வரும்போது ஒரு பயணப்பை நிறைய எலும்புகளும் கொண்டுவந்தாள். படிப்புக்கான உண்மையான மனித எலும்புகள். மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறி வந்தவை. அம்மாவோ முட்டை பொரித்த சட்டியைக்கூட வீட்டுக்குள் எடுக்காத சைவக்காரி. ஆகவே எலும்புகள் அம்மாவுக்குத் தெரியாமல் விறகுக் கொட்டிலில் குடியிருந்தன.

ஒருநாள் நான் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் கண்டுவிட்டாள்.

"ஏனடி உதுக்குப் பூசிறாய்?"

"விரியுதில்லை."

"முழங்கால் எப்பிடியடி விரியும்? அது கதவுப் பிணைச்சல் மாதிரி. மடங்கும், நீளும், அவ்வளவுதான். திரும்பிறது இடுப்பிலை. வா, காட்டிறன்."

கொட்டிலுக்குள் கூட்டிப்போய், இடுப்பெலும்பின் குழிக்குள் தொடையெலும்பின் உருண்டைத் தலையைப் பொருத்திச் சுழற்றிக் காட்டினாள். தொடை வெளிப்பக்கம் திரும்பியது. கூடவே முழங்கால் இருக்கவேண்டிய இடமும் பேசாமல் திரும்பியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பூப் பறிக்கும்போதும் இடுப்பைத் திருப்பினேன், தண்ணீர் அள்ளும்போதும் திருப்பினேன். பிள்ளைக்கு வாதமோ என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

அடுத்த வகுப்பில் ரீச்சர் "விரி" என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரீச்சர், முழங்கால் விரியாது. இடுப்புத்தான் திரும்பவேணும்."

தட்டுக்கழி நின்றது. "ஆர் சொன்னது?"

"எலும்பு சொன்னது."

"எந்த எலும்பு?"

"எங்கடை விறகுக் கொட்டிலிலை இருக்கிற எலும்பு, ரீச்சர்."

பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரீச்சருக்கும் கொஞ்சக் காலமாக முழங்கால் வலி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை கொண்டு வா, பாப்பம்" என்றார்.

சனிக்கிழமை இரண்டு எலும்புகளையும் தனித்தனியே பேப்பரில் சுற்றி, உமல் என்கிற பனையோலைப் பையில் வைத்துச் சைக்கிளில் கொழுவினேன். போகிற வழியில் மருதனார்மடம் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கச் சொல்லி அம்மா இன்னொரு உமல் தந்திருந்தார். வாங்கினேன். சந்தை வாசலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவைக் கண்டதும், "அம்மாட்டைக் குடுங்கோ" என்று ஒரு உமலைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் பறந்தேன்.

ரீச்சர் முன்னால் உமலைக் கவிழ்த்தேன். மண் ஒட்டிய மூன்று மரவள்ளிக்கிழங்குகள் உருண்டன.

"உதுவோ கொட்டிலிலை இருந்து கதைச்சது?" என்றார் ரீச்சர்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் கேட்க நினைத்ததைக் கேட்காமல் ரீச்சர் விடுவதாக இல்லை. தன் வீட்டுக் குசினியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை எடுத்துவந்தார். சிரட்டை இடுப்புக் குழி, கிழங்கு தொடையெலும்பு. நான் சுழற்றிச் சுழற்றி விளக்கினேன். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி, "இன்னும் விரியுமோ?" என்று கேட்க, எட்டின மட்டும் திருப்பினேன். கிழங்கு படக்கென்று முறிந்தது.

"கண்டியளே, அளவுக்கு மிஞ்சித் திருப்பினால் உதுதான் நடக்கும்" என்றார் ரீச்சர், முழு வகுப்பையும் பார்த்து.

வீட்டில் நடந்ததை அப்பா பிறகு சொன்னார். அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. புதிதாக ஒன்று எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டிய யுத்தகாலம் அது. கரண்டும் இல்லை. புகை மண்டிய குசினியில் அம்மா பேப்பரைப் பிரித்து, தொடையெலும்பை எடுத்து, கழுவி, கத்தியால் தோல் சீவத் தொடங்கியிருக்கிறார்.

"இஞ்சை பாருங்கோ, ஏமாத்திப் போட்டாங்கள். கத்தி ஏறுதில்லை. முத்திக் கட்டையாப் போச்சு."

அப்பா வந்து வாங்கிப் பார்த்தார். "இதுக்கு மூட்டு இருக்குதப்பா" என்றார் மெதுவாக.

நான் வீடு சேரும்போது அம்மா தலைக்குக் குளித்து ஈரச்சேலையோடு நின்றார். குசினி முழுவதும் மஞ்சள் தண்ணீர். மச்சாள் முகம் வெளிறிப்போய் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமி, கனக்கக் கீறிப் போட்டியளோ? திருப்பிக் குடுக்கவேணும்."

"நீ இப்ப உதுதான் கேப்பாய் என்னட்டை!" என்று அம்மா பாய்ந்தார். நானும் மச்சாளும் இரவுச் சாப்பாடு கிடைக்காது என்றே நினைத்தோம். கொஞ்சம் ஆறியதும் அம்மா கேட்டார்: "ஆரின்ரை எலும்படி அது?"

"தெரியாது மாமி. ஆனால் பொம்பிளை. இடுப்பெலும்பைப் பாத்தால் தெரியும்."

"பொம்பிளையோ?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "வயசானவவோ, பிள்ளை குட்டி இருந்துதோ?"

"அது தெரியாது மாமி."

அம்மா கொஞ்ச நேரத்தில் ஒரு செவ்வரத்தம்பூவும் சின்ன விளக்கும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். "மன்னிச்சுக்கொள்ளு மோனை, கண் தெரியேல்லை" என்று உள்ளே சொன்னது எங்களுக்குக் கேட்டது. மச்சாளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, இரண்டு பேரும் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சிரித்தோம்.

பரீட்சையில் நான் சித்தியடைந்தேன், மட்டுமட்டாக. அரைமண்டி இன்னும் தாழவேண்டும் என்று பரீட்சகர் சொன்னாராம். ரீச்சர் அவரிடம் நேரே போய், "அவவின்ரை இடுப்புக் குழி அவ்வளவுதான் ஐயா" என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.