பாத்ரூமு காலியா இருக்கணும்

எங்கம்மா என்ன அடிக்காத சாமானே வீட்ல இல்ல. தொடப்பம், கரண்டி, ஒருதடவ முழுசா ஒரு சூரை மீனு. அன்னிக்கே அத கொழம்பு வெச்சி எனக்கே போட்டுச்சு. என் தோலு கெட்டி, சிரிச்சிக்கிட்டே ஓடிடுவேன். எங்க வைத்திக்குப்பமே நின்னு வேடிக்க பாக்கும்.

நைனா செத்ததுக்கு அப்பறம்தான் அது விளையாட்டா இல்லாம போச்சு. அம்மா ரெண்டு நாளு தல சீவாம, மீனு விக்கப் போவாம, செவுத்தப் பாத்துப் படுத்துக்கும். மூணாவது நாளு எழுந்தா, கையில கெடச்சவங்களுக்கு அடி. நான் பெயிண்டு வேலைக்குப் போயிடுவேன். கெடைக்கிறது மூணாவது படிக்கிற என் தங்கச்சி, பாப்பா மட்டும்தான்.

அவ கையில வரிவரியா இருந்தத டீச்சரு பாத்துட்டாங்க. கேட்டதுக்கு, "கட்டில்ல இடிச்சிக்கிட்டேன் டீச்சர்"னு சொல்லியிருக்கா. சொல்லிக் குடுத்த அறிவாளி நான்தான். எங்க வீட்ல கட்டிலே கெடையாது. அந்த டீச்சரு ஒருதடவ வீட்டுக்கு வந்து பாயிலதான் உக்காந்துட்டுப் போனாங்க.

என்னக் கூப்ட்டாங்க. "அம்மாவுக்கு மனசு சரியில்ல தம்பி. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இன்னொரு தடவ இப்டி பாத்தா நான் மேல சொல்லித்தான் ஆவணும். அப்பறம் பாப்பாவ உங்ககூட விடுவாங்களான்னு தெரியாது."

மனசு டாக்டருன்னா அம்மா வண்டில ஏறுமா? சுகர் டெஸ்ட்டுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். உள்ள போன அம்மா ஒருமணி நேரம் கழிச்சி கண்ணு செவந்துபோய் வந்துச்சு.

"ஏண்டா, சுகருக்கு எதுக்குடா உங்க நைனாவப் பத்திக் கேக்குறாங்க?"

"புது மாதிரி டெஸ்ட்டும்மா."

டாக்டரம்மா மாத்திர குடுத்தாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வந்து பேசச் சொன்னாங்க. கோவம் வந்தா வேற ரூமுக்குப் போயி கதவ சாத்திக்கணுமாம். எங்க வீடே ஒரு ரூமு. மிச்சம் இருக்கறது பாத்ரூமுதான்.

அம்மாவும் சொன்னத அப்டியே செஞ்சுது. கோவம் வந்தா உள்ள போயி தாப்பா போட்டு, மொண்டு மொண்டு தலையில ஊத்திக்கும்.

"இன்னாடா, உங்கம்மா இன்னிக்கு நாலாவது குளியலா?" எதிர்வீட்டு அத்த கேக்கும்.

"உன் மூஞ்சப் பாத்துடுச்சு அத்த."

ஒரு ஞாயித்துக்கெழம நான் உள்ள குளிச்சிக்கிட்டிருந்தேன். வெளிய சட்டி விழுந்த சத்தம். பாப்பா கொழம்பக் கவுத்துட்டா. ஒடனே கதவுல டமால் டமால்.

"டேய், வெளிய வாடா!"

"சோப்பு போட்ருக்கேன்மா!"

"அடிச்சிடுவேன்டா அவள! வாடா வெளிய!"

அது மெரட்டல் இல்ல, கெஞ்சல். துண்ட ஒருகையில புடிச்சிக்கிட்டு வெளிய பாஞ்சேன், அம்மா உள்ள பாஞ்சுது. பாப்பாவ இழுத்துக்கிட்டு தெருவுல வந்து நின்னேன், ஒடம்பெல்லாம் நொரை.

"இன்னாடா, பொங்குன பாலு மாதிரி நிக்கிற?"ன்னுது அத்த. பாப்பா அழுதுக்கிட்டே சிரிச்சிட்டா.

ரொம்ப நேரம் தண்ணி சத்தம். அப்பறம் உள்ளேர்ந்து கொரலு: "அவ சாப்ட்டாளா?"

"தரைதான்மா சாப்ட்டுச்சு."

அம்மா ஈரப்பொடவையோட வெளிய வந்து, முடியப் பிழியக் கையத் தூக்குச்சு. பாப்பா சடார்னு தலையக் குனிஞ்சிக்கிட்டா. அம்மா தூக்குன கைய எறக்காம அவளையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

மறுநாள் காலைல பாத்தா, மீன் கூடை மூலையில கெடக்குது. அம்மா நல்ல பொடவ கட்டிக்கிட்டு என் வண்டிமேல ஏறி உக்காந்திருக்குது. டாக்டரம்மா வரச்சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு.

"எங்க போவணும்மா?"

"சுகர் பாக்கணும். எடுடா வண்டிய."