கொழுக்கி போட்ட படலை

கடலுக்குப் போகக் கூடாதென்று தடை போட்டிருந்த காலம் அது. ஊர்காவற்றுறைக் கரையில் எங்கள் வள்ளம் சும்மா கிடந்தது. மீன் இல்லையென்றால் எங்கள் வீட்டில் சோறும் இல்லை.

புளியங்கூடலில் தோட்டம் செய்கிற இராசம்மா அக்கா வழமையாக மரக்கறி கொண்டுவந்து தந்துவிட்டு மீன் வாங்கிப் போவா. தடை வந்த பிறகு அவவின் குரல் கேட்டாலே எனக்கு வெட்கமாக இருக்கும். மாற்றிக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது?

ஒருநாள் மத்தியானம் பிள்ளைகளுக்கு வெறும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். 'எங்கள் அனுதின உணவை' என்று சொல்லும்போதே யாரோ படலையைத் தட்டினார்கள்.

"தங்கச்சி!"

அக்காதான். எனக்குச் சினம் பொங்கியது. எழும்பாமலே கத்தினேன்.

"மீன் இல்லை அக்கா! கடல் திறந்தாப் பிறகு வாங்கோ!"

சத்தம் நின்றது. போய்விட்டா என்று நினைத்து, விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடங்கினேன். அப்போது குசினிப் பக்க வேலிக்கு வெளியே அவவின் குரல் கேட்டது.

"மீனுக்கு ஆர் வந்தது? ஒடியல் மாவும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டு வந்தனான். தலைச்சுமையோடை இனி நிக்க ஏலாது. செபத்தைப் பிறகு சொல்லலாம், முதல்லை படலையைத் திற!"

ஓடிப்போய்க் கொழுக்கியைக் கழற்றிப் படலையைத் திறந்தேன். அந்தப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய கூழை அன்று பிள்ளைகள் வயிறாரக் குடித்தார்கள்.

ஆண்டவர் தந்தால் கடலால்தான் தருவார் என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்திருக்கிறேன்.

அந்தச் செபத்தை இன்றும் தவறாமல் சொல்லுகிறேன். ஆனால் முழங்காலில் நிற்க முன்னம், போய்ப் படலைக் கொழுக்கியைக் கழற்றிவிட்டு வருவேன்.

— ஊர்காவற்றுறை வாசகி ஒருத்தி